சரித்திர பாடநூலிற் காணாத மாந்தர்: புத்தளக் கரையை முன்னிட்டு ஓர் ஆய்வு

புத்தளம் என்னும் ஊர்ப்பெயர் 'புது அளம்' என்பதன் மரூஉ என்று கூறுவார் பலர். அச்சொல்லாராய்ச்சியின் வலிமை எத்தகையதாயினும், உப்பு விளையும் நிலத்தை அளம் என வழங்குதல் பழந்தமிழ் மரபு. அவ்வூரைச் சார்ந்த களப்பின் ஓரத்தில் உப்பு வெண்குவைகளாகக் கிடப்பது இன்றும் கண்கூடு. கண்டி இராச்சியத்தைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர், மலைநாட்டு மன்னர்க்கு உப்பும் கருவாடும் கரையோரத்திலிருந்தே வரவேண்டியிருந்தன என்பதையும், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரை முழுவதையும் தம் கைப்படுத்திக்கொள்ளக் கண்டி கடலற்ற நாடாயிற்று என்பதையும் சொல்லாது விடுவதில்லை. மாணாக்கரும் அதனை மனனஞ் செய்து எழுதிப் புள்ளி பெறுகின்றனர். ஆனால், அவ்வுப்பை மலைமேல் ஏற்றியவர் யார் என்று எந்த மாணாக்கனும் வினாவுவதில்லை. வினாவுதற்கு இடந்தரும் வகையிற் பாடமும் எழுதப்படவில்லை. பொதிமாட்டு நிரையைத் தவளம் என்பர். தவளம் நடாத்தியவருட் பலர் முஸ்லிம்கள். உப்புங் கருவாடுங் கொண்டு ஏறிப் பாக்குக் கொண்டு இறங்கிய அம்மக்களின் காலடிகளே கரைக்கும் மலைக்கும் இடையே பல வழிகளை வழிகளாக்கின. அரசனைப் பற்றிய அதிகாரத்தில் உப்பு இருக்கின்றது. உப்புச் சுமந்தவர் இல்லை.

இக்குறை தற்செயலாக நேர்ந்த விடுபாடன்று. பாடநூலின் கட்டுக்கோப்பிலேயே உள்ளது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின் பின் சமூகக் கல்வி என்னும் பெயருள் அடங்கிப்போன சரித்திரம், 2007ஆம் ஆண்டு தொடக்கம் மீண்டும் தனிப்பாடமாக, யாவரும் கற்கவேண்டிய பாடமாக வந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும், வந்த பாடம் எவ்வச்சிற் பற்றி ஓடுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். அநுராதபுரம், பொலனறுவை, தம்பதெனியா, கோட்டை, கண்டி என இராசதானிகள் இடம்பெயர்ந்த வரிசையே இலங்கைச் சரித்திரத்தின் வரிசையாகக் கொள்ளப்பட்டுள்ளது. தலைநகர் நகருமிடமெல்லாம் பாடமும் உடன் நகர்கின்றது. இவ்வமைப்பில், எக்காலத்தும் தலைநகராயிராத ஒரு கரைக்குரிய இடம் யாது? அரசன் ஒருவன் அங்கே படைநடத்திய நாளில் அது பாடத்துட் புகும். அவன் மீண்டதும் பாடத்தை விட்டு நீங்கும். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அங்கு வாழ்ந்தவர் என்செய்தனர் என்பதைச் சொல்ல அவ்வமைப்பில் ஓர் அறையும் இல்லை. குளங்கட்டிய அரசர் புகழத்தக்கவரே. ஆனால் நாடு முழுவதும் குளத்தின் கீழ் வாழ்ந்ததன்று. ஒரு பகுதி கடலின் மேல் வாழ்ந்தது.

புத்தளக் கரை எவ்வாறு பாடத்துட் புகுகின்றது என்பதை ஒருமுறை எண்ணிப்பார்த்தால் இஃது இனிது விளங்கும். மகாவமிசம் கூறும் விசயன் கரையிறங்கிய தம்பபண்ணியைப் புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட கரையில் வைத்துக் காண்போர் உளர். ஆகவே சரித்திரம் அங்கே 'தொடங்குகின்றது'. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பத்தூத்தா வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பர். மரத்தாலாய மதில் சூழ்ந்த சிறுநகர் அது என்றும், வெள்ளம் அடித்துக் கொணர்ந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தன என்றும், ஆரியச்சக்கரவர்த்தியை அங்கே கண்டு அளவளாவியதாகவும் அவர் எழுதிவைத்துள்ளார். பின்னர்ப் போர்த்துக்கேயர் வருகின்றனர். ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டுகின்றனர். இவையனைத்தும் 'வருகை'கள். வந்தவர் பெயர் உண்டு. வந்தவரைக் கரையில் நின்று கண்டவர்க்குப் பெயரில்லை. விசயனுக்கு முன்னரே அக்கரையில் மாந்தர் வாழ்ந்தமைக்குப் பொம்பரிப்பிற் கிடைத்த தாழிகள் சான்று பகர்கின்றன. 1924, 1956, 1970 ஆகிய ஆண்டுகளில் அகழப்பெற்ற அவ்வீமத்தாழிகள், எதிர்க்கரையில் ஆதிச்சநல்லூரிற் கிடைத்தவற்றை ஒத்திருத்தலைத் தொல்லியலாளர் சுட்டியுள்ளனர். இரு கரையும் ஒரு கடலின் இரு கரைகளாய் இருந்தன என்பதற்கு இதனினும் எளிதாக மாணாக்கர்க்குக் காட்டத்தக்க சான்று வேறில்லை. எனினும் தாழியைப் படத்திற் காட்டிப் பெயரைப் பாடமாக்கி அப்பாற் செல்வதே வழக்கமாயிற்று.

விடுபட்டோருள் மிகச் சிறிய கூட்டத்தினரை முதலில் நோக்குவது தகும். புத்தளம் நகரையடுத்த சிரம்பியடி என்னும் சிற்றூரில் ஆபிரிக்க வழிவந்த குடும்பங்கள் வாழ்கின்றன. காப்பிரியர் என்பது அவர்க்கு இந்நாட்டில் வழங்கும் பெயர். தென்னாபிரிக்காவில் அதே சொல் வசைச்சொல்லாய் இழிந்தது. இங்கு வாழ்வோர் அதனைத் தம் குலப்பெயராகவே நாணமின்றிக் கூறுகின்றனர். சொற்களுக்கும் கடல்தோறும் ஒரு சரித்திரம் உண்டு போலும்! போர்த்துக்கேயர் அவர்தம் முன்னோரை அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொணர்ந்தனர். ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையைக் கட்டுதற்கு அவர்தம் உழைப்பைப் பயன்கொண்டனர். ஆங்கிலேயரும் மொசாம்பிக்கு முதலிய இடங்களிலிருந்து ஆட்களை விலைக்கு வாங்கித் தம் படையிற் சேர்த்தனர். 1873ஆம் ஆண்டில் இலங்கைத் துப்பாக்கிப்படை கலைக்கப்பட்டது. படை கலைந்தது, மனிதர் எங்கே கலைவது? அவர் இங்கேயே வேரூன்றினர். போர்த்துக்கேயக் கலப்பு மொழி ஒன்றைத் தலைமுறைகள் பல பேசினர். இன்று அம்மொழி அவர்தம் பாட்டிற் பெரும்பாலும் தங்கி, பேச்சிலிருந்து நீங்கிற்று. சிரட்டையும் கரண்டியும் போத்தலுமே தாளக்கருவிகளாக அவர் பாடியாடும் 'மாஞ்ஞா' அவ்வூரின் அடையாளம்.

இவரைப் பற்றிப் பாடநூல் ஒன்றும் அறியாதிருந்துகொண்டே ஒரு மாணாக்கன் சரித்திரத்தில் அதிவிசேட சித்தி பெறலாம். ஆனால் அவன் வீட்டுக் கலியாணத்திற் பைலா பாடாதிருக்கமாட்டார்கள். அப்பைலாவின் தாளத்துக்கு ஊற்றான 'கப்பிரிஞ்ஞா' என்னும் ஆடலின் பெயரிலேயே காப்பிரியர் பெயர் ஒலிக்கின்றது. கால் அறிந்ததைத் தலை அறியவில்லை. கொழும்பிற் கொம்பனித்தெருவை ஆங்கிலேயர் 'அடிமைத்தீவு' என்று வழங்கினர் என்பதைக் கேட்டிருப்போர் பலர். அவ்வடிமைகள் யாவர், எங்கிருந்து வந்தனர், அவர் பேரப்பிள்ளைகள் எங்குளர் என்ற மூன்று வினாக்களையும் தொடுத்துக் கேட்டால், ஐரோப்பியர் ஆட்சி என்னும் பாடம் முழுவதும் வேறொரு முகங் காட்டும். கோட்டையை 'ஒல்லாந்தர் கட்டினர்' என்று எழுதும் வாக்கியம் இலக்கணத்திற் குற்றமற்றது, சரித்திரத்திற் குற்றமுடையது. இந்தியாவிற் கர்நாடகத்திலும் குசராத்திலும் வாழும் சித்தியரோடு ஒப்புநோக்கினால், இந்துமாக்கடல் வழி நிகழ்ந்த அடிமை வணிகம் ஒரு தொலைவான செய்தியாக இராது, புத்தளத்துக்கு அண்மையில் நடந்த செய்தியாகவே மாணாக்கனுக்குத் தோன்றும். அவ்வூரார் சில நூற்றுவரே எனின், அது உண்மை. சரித்திரம் தொகைக்கேற்பப் பக்கம் பங்கிடும் கூப்பன்கடை அன்று.

இனி, தொகையிற் சிறியதன்றாயினும் பாடநூலாற் சொல்லவே முடியாத ஒரு செய்தி உண்டு. அதுவே இக்கரையின் தலையாய செய்தி. நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபம் ஊடாகக் கற்பிட்டி வரையும் உள்ள கரையோர மக்களுள் இன்று சிங்களவர் என்று குடிமதிப்பில் எழுதப்படுவோர் பலரின் பாட்டனும் பாட்டியும் தமிழ் பேசினர். தமிழிற் செபம் சொல்லினர். 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி புத்தளம் மாவட்டத்தார் ஏறத்தாழ 7,60,000 பேர். அவருள் நால்வரில் மூவர் சிங்களவர், ஐவரில் ஒருவர் முஸ்லிம், எஞ்சியோருட் பெரும்பாலார் தமிழர். இவ்வெண்கள் இன்றைய நிலையைக் கூறுமேயன்றி, இந்நிலைக்கு வந்த வழியைக் கூறா. வழியைக் கூறுவன ஊர்ப்பெயர்கள்: முந்தல், பாலாவி, நுரைச்சோலை, மாம்புரி, கரைத்தீவு. சிலாபம் என்னும் பெயரே முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்பதனோடு இயைத்து உணரப்படுவது. சிலாபத்தையடுத்த முன்னேசுவரத்தில், கோட்டையிலிருந்து அரசாண்ட ஆறாம் பராக்கிரமபாகு கோயில் நிலங்களையும் குருக்கள்மாரின் உரிமைகளையும் குறித்துப் பொறிப்பித்த 15ஆம் நூற்றாண்டுச் சாசனம் தமிழில் உள்ளது. அக்கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் 18ஆம் நூற்றாண்டில் மீள அமைத்து நிலமும் ஈந்தான். இன்றும் சிங்கள பௌத்தர் திரளாக அங்கே வழிபடுகின்றனர். தமிழிற் சாசனம் பொறித்த சிங்கள மன்னனை எந்த இனத்தின் பெட்டியில் அடைப்பது? பாடநூலில் இரண்டு பெட்டிகளே உள்ளன. ஆகலின் இச்சாசனம் வெளியே நிற்கின்றது.

மொழி மாறியமை ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. ஒரு காரணத்தால் நிகழ்ந்ததுமன்று. திருமணக் கலப்பும், சந்தைத் தொடர்பும், அயலூர்ப் பழக்கமும் மெல்ல மெல்லச் செய்த வேலையை, 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிற் கரையோரப் பாடசாலைகள் பலவற்றிற் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றப்பட்டமை விரைவில் முடித்துவைத்தது. தாய் ஒரு மொழியிலும் பிள்ளை வேறொரு மொழியிலும் எழுதக் கற்ற தலைமுறை அது. நீர்கொழும்பு மீனவரின் தமிழை ஆராய்ந்த மொழியியலார், அதன்கண் வினைமுற்று திணை, பால், எண், இடங்களுக்கேற்ப விகுதி வேறுபடும் இயல்பை இழந்துவிட்டமையை எடுத்துக்காட்டியுள்ளனர். பேச்சுச் சிங்களத்தின் இயல்பும் அதுவே. தொல்காப்பிய மரபிற் பயின்றார்க்கு இஃது ஒரு சிதைவாகத் தோன்றலாம். சரித்திர மாணாக்கனுக்கோ அது கல்வெட்டினும் மேலான சான்று. இரு மொழிகள் ஒரே வாயில் நெடுங்காலம் கூடிவாழ்ந்தமைக்கு அவ்விழந்த விகுதியே சாட்சி.

இவற்றைச் சொல்லுதற்குப் பாடநூல் ஏன் கூசுகின்றது? மக்களினங்கள் ஆதியிலேயே வார்த்தெடுக்கப்பட்டு மாறாது வருவன என்னும் எண்ணத்தின்மீது அது கட்டப்பட்டிருத்தலினாலே. பேராசிரியர் கா. இந்திரபாலா தமது இலங்கைத் தமிழர் பற்றிய நூலில் (ஆங்கிலம் 2005, தமிழ் 2006), இனக்குழுவென்பது பிறந்ததன்று, காலத்தால் ஆக்கம் பெற்றது என்று நிறுவமுயன்றார். 1960களில் எழுதிய தம் கலாநிதிப் பட்ட ஆய்வின் முடிபுகள் சிலவற்றைப் பிற்காலத்தில் தாமே மாற்றிக்கொண்டவர் அவர். ஆய்வாளர் தம் கருத்தை மாற்றலாம்; பாடநூல் மட்டும் மாற்றாதிருத்தல் வேண்டுமோ? சிலாபத்திற் சிங்களமொழி மூலம் கற்கும் பிள்ளைக்குத் தன் பாட்டியின் செபப்புத்தகம் ஏன் தமிழிலுள்ளது என்பதை விளக்கும் ஒரு பக்கமும் சரித்திர நூலில் இல்லையெனின், அப்பிள்ளை ஒன்றில் பாட்டியை மறைக்கும், அன்றிச் சரித்திரத்தை நம்பாதொழியும்.

இக்குறைக்கு மருந்து இக்கரையிலேயே பிறந்தது. சைமன் காசிச்செட்டி 1807இற் கற்பிட்டியிற் பிறந்தவர். புத்தளத்தில் மணியகாரராகவும், சட்டநிரூபண சபையில் உறுப்பினராகவும், பின்னர்ச் சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்தவர், 1860இல் மறைந்தார். தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூராக்' (1859) ஆசிரியராகவே இலக்கிய மாணவர் அவரை அறிவர். ஆனால் 1834இல், இருபத்தேழாம் வயதில், அவர் வெளியிட்ட 'சிலோன் கசற்றியர்' ஈழத்து ஊர்களையும் மக்களையும் அகரவரிசைப்படுத்திக் கூறிய முதன்மையான முயற்சி. அரசவரிசையைக் கைவிட்டு அகரவரிசையை மேற்கொண்டமையின் விளைவு வியப்பானது: அகரவரிசையில் அநுராதபுரத்துக்கும் ஓர் இடம், ஒரு சிறு மீன்பிடியூருக்கும் ஓர் இடம். புத்தளத்து முக்குவரைப் பற்றியும், முஸ்லிம்களின் வழக்கங்களைப் பற்றியும், கத்தோலிக்க சபையின் வளர்ச்சியைப் பற்றியும் அவர் தனித்தனியே எழுதினார். தாம் பிறவாத குலத்தையும் தம் அயலாராகக் கருதிக் கேட்டறிந்து எழுதிய பண்பு அவருடையது.

அவரையும் குறை நீங்கியவராகக் கொள்ளல் வேண்டா. ஆட்சியாளர்க்குப் பயன்படும் நூலாகவே அவர் எழுதினார். மக்களைச் சாதியென்றும் வகையென்றும் பிரித்து நிறுத்துவது அக்காலத்து ஆட்சிமுறைக்கு உகந்த நோக்கு. அந்நோக்கு அவர் எழுத்திலும் படிந்துள்ளது. அவர் கேட்டறிந்தவருட் பெரும்பாலார் தலைமைக்காரரேயன்றி வலையிழுத்தவர் அல்லர். எனினும், 1834இல் ஒரு மணியகாரர்க்குத் தென்பட்ட மாந்தர், இன்றைய பாடநூற் குழுவினர்க்குத் தென்படாமை எண்ணத்தக்கது. கற்பிட்டிப் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அவர் தம்மூரார் என்பதை அறிவர் என்பதும் எண்ணத்தக்கதே.

வலையிழுத்தவர் தாமே தம் சான்றுகளை விட்டுச் சென்றனர். உடப்பு என்னும் ஊர் இக்கரையிற் சைவமும் தமிழும் நிலைபெற்ற மீனவர் ஊர். திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பினால் யாவரும் அறிந்தது. அவர்தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து பெயர்ந்தவர் என்பது செவிவழி மரபு. கரைவலை இழுக்கையில் அவ்வூரார் பாடும் அம்பாப் பாடல்கள், தொழிலின் தாளத்தோடு கடலின் அச்சத்தையும் கூலியின் கணக்கையும் சேர்த்துப் பாடுவன. எழுதப்படாமையின் அவை ஆதாரமாகா என்று தள்ளுதல் ஒரு பழைய ஆசிரியப் பழக்கம். பத்தாந் தரத்தில் 'வரலாற்று மூலாதாரங்கள்' என்பதைக் கற்பிக்கும்போது, வம்சக் கதைகளும் முன்பு வாய்மொழியாய் வழங்கிப் பின்னரே ஏட்டிலேறின என்று அதே ஆசிரியரே சொல்லுகின்றார்! விகாரையில் வழங்கிய வாய்மொழி சான்றாகும், வாடியில் வழங்கிய வாய்மொழி சான்றாகாது என்பது என்ன நியாயம்? இரண்டும் சான்றே, இரண்டும் ஐயுற்று ஆராயத்தக்கனவே.

இந்த ஐயுறவை வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. விடுபட்டோரைச் சேர்த்தல் என்னும் பெயரால், ஒவ்வொரு குலத்தாரும் தத்தம் பெருமையைக் கொண்டுவந்து பாடநூலில் ஒட்டுவதே முடிபாகுமாயின் பயனில்லை. முக்குவரைக் குகன் வழியினர் என்பதற்காக 'முற்குகர்' என்று எழுதுவாரும், கரையாரைக் குருகுலத்தோடு இணைப்பாரும் நெடுங்காலமாக உளர். முக்குவர் கைப்பட்டிருந்த புத்தளத்தை, காஞ்சிபுரம், கீழக்கரை, காவிரிப்பூம்பட்டினம் ஆகிய இடங்களிலிருந்து வந்த படையைக் கொண்டு ஆறாம் பராக்கிரமபாகு வென்றான் எனக் கூறும் 'முக்கர ஹட்டன' என்னும் ஏடும் உண்டு. இவையெல்லாம் தத்தம் காலத்தில் ஒரு குலத்தார் தம்மை எவ்வாறு காணவிரும்பினர் என்பதற்கு அருமையான சான்றுகள். நிகழ்ந்தது இதுவேயென்பதற்குத் தனித்து நிற்கும் சான்றுகள் அல்ல. அரசர் பெருமையைக் குறைகூறிவிட்டுக் குலப்பெருமையை அரியணையேற்றுவது, ஒரு மகாவமிசத்தை நீக்கிப் பல சிறுவமிசங்களை வைப்பதாகவே முடியும். சேர்க்கவேண்டுவது புகழன்று, அவர் வாழ்ந்த வாழ்வும், அதனை அறிதற்குரிய சான்றும், அச்சான்றை ஐயுறும் பயிற்சியுமே.

இதுகாறும் கூறியவற்றைத் தமிழ் ஆசிரியர் பலரும் மனமுவந்து ஒப்புவர். பாடநூல் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்பெற்றுத் தமிழிற் பெயர்க்கப்படுகின்றது; பெயர்ப்பிற் பிழைகளும் மலிகின்றன; தமிழர்தம் வரலாற்றுக்கு உரிய இடமில்லை என்பது அவர் நெடுநாள் முறைப்பாடு. முறைப்பாடு நியாயமானதே. ஆனால் அதே ஆசிரியர், பாடநூலை மூடிவைத்து வகுப்பிற் சொந்தமாகப் பேசும் வேளையிலும், ஒரு செய்தியின்மேல் அவர் நா செல்வதில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை அவர்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தார்க்கு அம்மாதம் 30ஆம் நாள் கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேரமே. தலைமுறைகள் பல தேடிய பொருளும், வீட்டின் திறப்பும், சோனகத்தெருவும் பின்னே கிடந்தன. மன்னாரிலிருந்து பலர் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். விசயன் இறங்கிய கரை எதுவென ஆராயும் பாடம், இவர் இறங்கிய கரையைப் பற்றி வாய்திறப்பதில்லை. தென்னந்தோப்புகளில் ஓலைக்கொட்டில்கள் எழுந்தன. புத்தளத்தார் முதலில் உணவும் உறையுளும் தந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல நீரும் நிலமும் பாடசாலை இடமும் தொழிலும் பங்கிடவேண்டி வந்தபோது உரசலும் உண்டாயிற்று. 2009இற் போர் முடிந்தபின் சிலர் மீண்டனர், பலர் மீளவில்லை. கொட்டிலிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் உளர்.

அப்பேரப்பிள்ளை பேசுவதும் தமிழ், கற்பதும் தமிழிலே. "உன் ஊர் எது?" என்று வினவினால், தான் ஒருநாளும் வாழாத யாழ்ப்பாணத்தையோ மன்னாரையோ கூறும். அண்மைக்காலப் போரைத் தொடாது ஒதுங்கும் பாடநூலில் அப்பிள்ளையின் ஊர்க்கதைக்கு இடமில்லை. அதனை அரசு விட்ட குறை எனலாம். யாழ்ப்பாணத்து வகுப்பறையிலும் அதற்கு இடமில்லையெனின் அஃது எவர் விட்ட குறை? தமக்கு இழைக்கப்பட்டதைச் சரித்திரமென்றும், தம்மவர் இழைத்ததைப் பழங்கதையென்றும் கொள்வது எல்லா இனத்தார்க்கும் எளிதாகக் கைவரும் கலை. வடமாகாண முஸ்லிம்களின் வெளியேற்றத்தை ஆராய்ந்த மக்கள் ஆணைக்குழு, வெளியேறினோர் வாய்மொழிகளைத் திரட்டி 2011இல் அறிக்கை வெளியிட்டுள்ளது. சான்றில்லை என்று சொல்லுதற்கும் இடமில்லை. விடுபட்டோர் பட்டியலைத் தயாரிக்கும் தமிழ் ஆசிரியர், அப்பட்டியலின் தலையில் இவரை எழுதாராயின், அவர் கேட்பது நியாயமன்று, பங்கு மாத்திரமே என்று பிறர் கூறுதற்கு விடை யாது?

இத்தகையவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் பகைமை வளரும் என்பார் உளர். பிள்ளைகள் இவற்றை அறியாமலில்லை. வீட்டிற் கேட்டறிந்து, ஒரு பக்கம் மட்டும் அறிந்து, வகுப்புக்கு வருகின்றனர். மறுபக்கத்தையும் சேர்த்து அறியத்தக்க இடம் வகுப்பறையொன்றே. மும்முறை கொடும்போர் செய்த பிரான்சும் ஜெர்மனியும் இரு நாட்டு ஆசிரியரையும் ஒருங்கிருத்தி எழுதுவித்த சரித்திர பாடநூலின் முதற்பகுதி 2006இல் வெளிவந்தது. அந்நூல் ஒரு மொழியில் எழுதி மற்றதிற் பெயர்க்கப்பட்ட நூலன்று; எதில் உடன்பட்டனர், எதில் மாறுபட்டனர் என்பதும் அதனுள்ளேயே கூறப்பட்டது. எல்லாப் பாடசாலைகளிலும் அது பரவிற்றென்று சொல்லமுடியாது. ஆயினும், கருத்து மாறுபாட்டை ஒளியாது அச்சிட்ட ஒரு பாடநூலால் எந்த நாடும் உடைந்துபோகவில்லை.

பரீட்சை உள்ளவரை இவையெல்லாம் வீண்பேச்சு என்பது இன்னொரு சாரார் தடை. வன்மையான தடை இதுவே. வினாத்தாளில் வராததைக் கற்பிக்கும் ஆசிரியரைப் பெற்றோர் பொறுப்பதில்லை. அதிபர் பொறுப்பதும் அரிது. ஆதலின் புதிய அதிகாரங்களைக் கூட்டுவதினும், உள்ள முதலதிகாரத்தைத் திருந்தக் கற்பிப்பதே செய்யத்தக்கது. 'வரலாற்று மூலாதாரங்கள்' என்னும் பாடம் பட்டியலாக மனனஞ் செய்யப்படுகின்றது. அதனைப் புத்தளக் கரையில் ஊரின் நடுவே நின்று கற்பிக்கலாம்: கற்பிட்டிக் கோட்டை மதில், முன்னேசுவரச் சாசனம், மையவாடியின் நடுகல், பழைய ஞானஸ்நானப் பதிவேடு, சிரம்பியடிப் பாட்டு, உடப்பின் அம்பா, இடம்பெயர்ந்த வீட்டார் பெட்டியில் இருக்கும் காணியுறுதி. ஒரு பிள்ளைக்கு ஒரு சான்று. அது யாரால், எக்காலத்தில், எவருக்காக ஆக்கப்பட்டது என்று எழுதிவரச் செய்தல். காணியுறுதியைக் கொண்டுவரும் பிள்ளையும் செபப்புத்தகத்தைக் கொண்டுவரும் பிள்ளையும் பல ஊர்களில் ஒரே வகுப்பில் இரார். ஒன்று தமிழ்மொழிப் பாடசாலையிலும் மற்றது சிங்களமொழிப் பாடசாலையிலும் இருக்கும். இரு பாடசாலைகளுக்கும் இடையே உள்ளது பலவிடங்களில் ஒரு மதிலே. அம்மதிலின் இருபுறத்து ஆசிரியரும் ஆண்டில் ஒருநாளேனும் தம் மாணாக்கர் கொணர்ந்த சான்றுகளை ஒரே மேசையிற் பரப்பி வைத்தற்குப் புதிய பாடத்திட்டமோ சுற்றறிக்கையோ வேண்டியதில்லை. ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவரைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதுமில்லை. இரு மொழியும் பேசும் மீனவர் சந்தையில் இருப்பார்.